ஏழு லட்சம் பேரும் ஒரு கிண்ணம் பாலும்

திருவிழா என்றால் முதல் கேள்வி, கூட்டம் எவ்வளவு என்பதுதான். எகிப்தில் பூனை முகம் கொண்ட ஒரு அம்மனுக்கு நடந்த திருவிழாவுக்கு ஏழு லட்சம் பேர் வந்தார்களாம். சொன்னவர் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியவர். அவர் தலைகளை எண்ணவில்லை. உள்ளூர்க்காரர்கள் சொன்னதாகத்தான் எழுதுகிறார். குழந்தைகளைச் சேர்க்காமல் ஆணும் பெண்ணுமாக ஏழு லட்சம்! மாநாட்டுக் கூட்டத்துக்குக் கட்சிக்காரர்கள் சொல்கிற கணக்கு மாதிரி எடுத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும், பெரிய கூட்டம்தான்.

அம்மன் பெயர் பாஸ்டெட். ஊர் பெயர் புபாஸ்டிஸ். கெய்ரோவுக்கு வடகிழக்கே, இன்றைய ஸகாஸிக் நகரத்தை ஒட்டி 'டெல் பஸ்தா' என்ற மேடாக மிச்சமிருக்கிறது. 1887-லிருந்து 1889 வரை எதுவார் நவீல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அங்கே தோண்டியதில் கோயிலின் கற்களும், பூனை எலும்புகள் குவிந்த குழிகளும் கிடைத்தன. எலும்புக் குழிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வருகிறேன்.

இந்த பாஸ்டெட்டுக்கு இப்போது மறுபடி திருவிழா எடுக்கிறார்கள். எகிப்தில் இல்லை; அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், இன்னும் சில நாடுகளிலும். எடுப்பவர்கள் தங்களை 'பேகன்' என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அந்த வார்த்தைக்கு லத்தீனில் ஏறக்குறைய 'நாட்டுப்புறத்தான்' என்று அர்த்தம். பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்களைக் கிறிஸ்தவர்கள் மட்டமாகக் குறிப்பிட்ட பெயர். அதையே இவர்கள் பெருமையாக நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீங்கியது. 1954-ல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் புத்தகம் போட்டு விக்கா என்ற புது மார்க்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1976-ல் அயர்லாந்தில் ஒரு கோட்டைக்குள் ஐஸிஸ் தேவி பெயரில் ஒரு சங்கம் தொடங்கியது. 1988-ல் அமெரிக்காவில் டமாரா சியூடா என்ற பெண்மணி எகிப்திய தெய்வங்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். இப்படிப் பல கிளைகள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 74,000 பேர் மதம் என்ற இடத்தில் 'பேகன்' என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரும் பாஸ்டெட் பக்தர்கள் இல்லை. அத்தனை பேரும் படகேறி வந்தால்கூட ஹெரோடோட்டஸ் சொன்ன கூட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

சரி, திருவிழாவில் என்ன செய்கிறார்கள்?

ஒரு மேஜை. அதன்மேல் கறுப்புப் பூனைச் சிலை. பெரும்பாலும் காதில் தங்க வளையம், மூக்கில் ஒரு வளையம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் 'கேயர்-ஆண்டர்சன் பூனை' என்ற புகழ்பெற்ற வெண்கலச் சிலையின் நகல். முன்னால் ஒரு கிண்ணத்தில் பால், கொஞ்சம் மீன், வாசனைத் தைலம், ஒரு கோப்பை ஒயின். பெண்கள் 'சிஸ்ட்ரம்' என்ற கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள். பாட்டு, கொஞ்சம் ஆட்டம். வீட்டுப் பூனைக்கு அன்றைக்கு ராஜ உபசாரம். பூனைகள் காப்பகத்துக்கு நன்கொடை கொடுப்பதும் பல இடங்களில் உண்டு. தேதியில் மட்டும் ஒற்றுமை கிடையாது. சிலர் வசந்தத்தில் கொண்டாடுகிறார்கள், சிலர் இலையுதிர் காலத்தில். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. எகிப்தியப் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்குச் சரியாக 365 நாள்தான், லீப் வருஷம் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒரு நாள் நழுவிக்கொண்டே போகும். அந்தக் காலத்திலேயே திருவிழாக்கள் பருவம் விட்டுப் பருவம் ஊர்ந்துகொண்டிருந்தன.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு ஜீவனுக்கு வயிறு நிறைகிறது. பூனை குறுக்கே போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிற நாம் இவர்களைப் பார்த்துச் சிரிக்க நியாயமே இல்லை. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமே பூனைதான். அதனால் 'இதெல்லாம் ஒரு சாமியா' என்று கேட்பது என் வேலை இல்லை.

என் பிரச்னை வேறு. இது மூவாயிரம் வருஷப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறவர்களில் பலர் சொல்கிறார்கள். அங்கேதான் பி.காம். படித்த புத்தி விழித்துக்கொள்கிறது. பாரம்பரியம் என்று ஒன்றைக் கையில் வாங்கினால் வரவை மட்டும் எடுத்து எழுத முடியுமா? பற்றுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே!

முதலில் தொடர்ச்சி. கி.பி. 391-92-ல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய கோயில்களில் வழிபாடு கூடாது என்று ஆணை போட்டார். அதற்கப்புறம் பாஸ்டெட்டுக்கு விளக்கேற்ற ஆள் இல்லாமல் போனது. நடுவே ஆயிரத்தைந்நூறு வருஷம் கடை சாத்தியிருந்தது. இப்போது திறந்திருப்பது அதே பெயர்ப் பலகையில் ஒரு புதுக் கடை. புதுக் கடை திறப்பது தப்பில்லை. 'பரம்பரைக் கடை' என்று போர்டு மாட்டினால்தான் கேள்வி வரும்.

அடுத்தது சரக்கு. பழைய திருவிழா எப்படி இருந்தது? ஹெரோடோட்டஸையே கேட்போம். ஆணும் பெண்ணுமாக நைல் நதியில் படகு படகாக வருவார்கள். பெண்கள் சிலர் தாளக்கட்டை தட்டுவார்கள், ஆண்கள் சிலர் குழல் ஊதுவார்கள், மற்றவர்கள் பாடிக் கை தட்டுவார்கள். வழியில் ஓர் ஊர் வந்தால் படகைக் கரையோரம் ஓட்டி, அந்த ஊர்ப் பெண்களைச் சத்தம் போட்டுக் கிண்டல் அடிப்பார்கள். ஆடுவார்கள். சில பெண்கள் எழுந்து நின்று உடையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் இதே கூத்து. புபாஸ்டிஸ் போய்ச் சேர்ந்ததும் பெரிய பலிகள். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் சேர்த்துச் செலவாகிற திராட்சை மதுவைவிட அந்த ஒரு திருவிழாவில் அதிகம் செலவாகுமாம்.

இது பொய்யோ மிகையோ என்று நினைத்தால், இன்னொரு சாட்சியும் உண்டு. கர்னாக்கில் உள்ள மூத் தேவியின் கோயிலில், கி.மு. 15-ம் நூற்றாண்டில் ஆண்ட ஹட்ஷெப்சுட் அரசி கட்டிய ஒரு 'குடிபோதை மண்டப'த்தின் தூண்களை அமெரிக்க ஆய்வாளர் பெட்ஸி பிரையனின் குழு தோண்டி எடுத்தது. நம்புங்கள், எகிப்தியர்களே வைத்த பெயர் அது. அங்கே குடிப்பது ஒரு சடங்கு. அதற்கு ஒரு கதை இருக்கிறது. மனிதர்கள் மேல் கோபம் கொண்ட சூரிய தேவன், தன் மகளை அவர்களை அழிக்க அனுப்புகிறான். அவள் ரத்த ருசி கண்டு நிறுத்தமாட்டேன் என்கிறாள். ஏழாயிரம் ஜாடி பீரைச் சிவப்பாக்கி நிலத்தில் கொட்டுகிறார்கள். ரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கிவிடுகிறாள். மனித குலம் பிழைத்தது. அந்தச் சிங்க முகத்துக்காரிதான் செக்மெட். பாஸ்டெட்டும் ஆதியில் சிங்கமுகத்தோடுதான் இருந்தாள். பூனை முகம் பிற்காலத்தில் வந்தது. கோபம் தணிந்தால் பூனை, ஏறினால் சிங்கம் என்று இரண்டு பேரையும் ஒருத்தியின் இரண்டு முகங்களாகவே பிற்காலத்தவர் பார்த்தார்கள்.

இந்தக் கோபமும் கூத்தும் நக்கலும் இன்றைய மேஜையில் எங்கே? பால் கிண்ணம் இருக்கிறது, ஏழாயிரம் ஜாடி இல்லை. கரையில் நிற்கிற, நமக்கு முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்துக் கிண்டல் செய்கிற தைரியம் இல்லை. அங்கே வந்தவர்கள் ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் என்பதால் வரவில்லை. அந்த நதிக்கரையில் பிறந்தவர்கள் என்பதால் வந்தார்கள். பிடிக்காத பங்காளியும் கடன் கொடுத்தவரும் அதே படகில் இருந்திருப்பார்கள். இன்றைய விழாவுக்கு வருகிறவர்கள் பூனை பிடித்தவர்கள், அதிலும் பாஸ்டெட்டைப் பிடித்தவர்கள். இது திருவிழாவைவிட ரசிகர் மன்றக் கூட்டத்துக்குத்தான் பக்கம்.

இது நஷ்டக் கணக்கின் சின்ன அயிட்டம். பெரிய அயிட்டம், நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன எலும்புகள்.

எகிப்தியர்கள் பூனையைக் கொண்டாடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பூனை செத்தால் வீட்டில் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 60 வாக்கில் எகிப்துக்கு வந்த டியோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு பயங்கரத்தை நேரில் பார்த்திருக்கிறார். தெரியாமல் ஒரு பூனையைக் கொன்றுவிட்ட ரோமானியனைக் கும்பல் அடித்தே கொன்றது. ரோம் என்றால் எகிப்து மன்னருக்கே நடுக்கம் இருந்த காலம் அது. அதிகாரிகள் வந்து கெஞ்சியும் கும்பல் விடவில்லை.

அதே நாட்டில், அதே காலகட்டத்தில், கோயில்களின் நிழலில் இன்னொரு தொழிலும் நடந்துகொண்டிருந்தது. பக்தர் வருவார். அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும். துணி சுற்றிய ஒரு பூனை மம்மியைக் காணிக்கையாக வைப்பார். அவ்வளவு மம்மிக்குப் பூனை எங்கிருந்து வரும்? தானாகச் செத்த பூனைகளை நம்பி இந்த வியாபாரம் நடக்காது. லண்டனில் இருக்கும் பூனை மம்மிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1981-ல் வெளியானது. பெரும்பாலானவை இளம் பூனைகள். நிறைய, நாலு மாதம்கூட நிரம்பாத குட்டிகள். பலவற்றின் கழுத்து எலும்பு இடம் மாறியிருந்தது. கையால் திருகியிருக்கிறார்கள். அதாவது, கொல்வதற்கென்றே வளர்த்திருக்கிறார்கள்.

வெளியே ஒருவன் தெரியாமல் பூனையைக் கொன்றால் மரண தண்டனை. உள்ளே தெரிந்தே கொன்றால் அது பூஜை. பக்தியில் இப்படி இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக் கணக்கெழுதுவது எகிப்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. ஆனால் இவ்வளவு துல்லியமாக எலும்பில் பதிவாகியிருப்பது அங்கேதான்.

கூத்து இதோடு முடியவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் அந்த ஊர் அருங்காட்சியகமும் 800-க்கும் மேற்பட்ட மிருக மம்மிகளை எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் செய்து 2015-ல் முடிவைச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கில்தான் முழு உடல் இருந்தது. இன்னொரு பங்கில் துண்டு துணுக்கு. மீதியில் மிருகமே இல்லை. களிமண், குச்சி, நாணல். 'பக்தர்களை ஏமாற்றியிருக்கிறார்கள்' என்று உடனே தோன்றும். ஆய்வாளர்கள் அவ்வளவு அவசரப்படவில்லை. கோயில் வளாகத்துக் குச்சியும் புனிதம்தான், அதை வைத்தாலும் காணிக்கை சேரும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ, குட்டியைத் திருகாமல் குச்சியைச் சுற்றிக் கொடுத்த தொழிலாளி மேல் கோபம் வரவில்லை. மூன்று வகையில் அவர் ஒருவர்தான் பாவம் செய்யாதவர்!

இந்த மம்மிகளின் கடைசிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1888-ல் மத்திய எகிப்தில் பெனி ஹசன் பக்கம் ஒரு விவசாயி தோண்டியபோது பூனை மம்மிகள் மலையாகக் கிடைத்தன. 1890-ல் அதில் சுமார் 19 டன் லிவர்பூலுக்குக் கப்பலேறியது. எடையை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1,80,000 பூனைகள் என்று மதிப்பிட்டார்கள். டன் சுமார் நாலு பவுன் விலைக்கு ஏலம் போய், அரைத்து உரமாக இங்கிலாந்து வயலில் தூவப்பட்டன. ஓர் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட உயிர்கள், இன்னொரு நாட்டில் பயிருக்கு எரு.

இன்றைய விழாவில் இந்தப் பூனைகளுக்கு ஒரு வார்த்தை உண்டா? நான் படித்த வழிபாட்டுக் குறிப்புகளில் அனேகமாக இல்லை. 'எகிப்தியர்கள் பூனையை நேசித்தார்கள், நாமும் நேசிக்கிறோம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. என் விமர்சனம் இதுதான். பலியை விட்டுவிட்டது பெரிய காரியம். அதை விட்டுவிட்டதாகச் சொல்லாமல், இருந்ததே இல்லாத மாதிரி நடந்துகொள்வதுதான் குறை.

சொல்லிச் செய்ய முடியும் என்பதற்கு இரண்டு உதாரணம் தருகிறேன்.

ஒன்று, பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊர். முதல் உலகப்போரில் தரைமட்டமாகி, மறுபடி அப்படியே கட்டப்பட்ட ஊர். அங்கே துணிச்சந்தை மண்டபத்தின் மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே வீசுகிற வழக்கம் இடைக்காலத்திலிருந்து இருந்தது. பூனை என்றால் சூனியத்தின் தோழி என்ற பயம் ஒரு காரணம் என்கிறார்கள். கம்பளி மூட்டையை எலியிடமிருந்து காக்க வளர்த்த பூனைகள் பெருத்துப்போனதும் ஒரு காரணம் என்கிறார்கள். கடைசியாக உயிர்ப் பூனை விழுந்தது 1817-ல். இப்போது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மே மாதம் இரண்டாம் ஞாயிறு பூனை ஊர்வலம் நடக்கிறது. கொரோனாவால் 2021-ல் நின்று, 2024 மே 12-ல் மறுபடி நடந்தது. ஊர்வலத்தில் பாஸ்டெட் அம்மனும் உண்டு, எகிப்திய உடுப்பில் பரிவாரம் சூழ வருகிறாள். ஆனால் அவளோடு முடிவதில்லை. சூனியக்காரிகள் என்று எரித்ததும் பூனைகளை வீசியதும் வரிசையாக வருகின்றன. கடைசியில் ஒரு கோமாளி மணிக்கூண்டின் மேலே ஏறி, பஞ்சு அடைத்த பொம்மைப் பூனைகளை வீசுகிறான். கீழே குழந்தைகள் முண்டியடித்துப் பிடிக்கிறார்கள்.

அது வேடிக்கைதான், சுற்றுலா வியாபாரமும்தான். ஆனாலும் 'எங்கள் தாத்தாக்கள் இதைச் செய்தார்கள்' என்று ஊரே தெருவில் நின்று ஒப்புக்கொள்கிறது. பூசணிக்காய்க்குள் குங்குமம் வைத்து உடைக்கிறோமே, அந்த மாதிரி. ரத்தம் போய்விட்டது, சிவப்பு மட்டும் ஞாபகத்துக்கு நிற்கிறது.

இரண்டாவது உதாரணம் பேகன்களிடமே இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸுக்கு வடமேற்கே, நெவாடா பாலைவனத்தில் கேக்டஸ் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் செக்மெட்டுக்கு ஒரு கோயில். கட்டியவர் ஜெனிவீவ் வான் என்ற பெண்மணி. 1960-களில் எகிப்துக்குப் போனபோது, குழந்தை வரம் வேண்டி செக்மெட்டிடம் நேர்ந்துகொண்டார். பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பல வருஷம் கழித்து 1993-ல் நேர்த்திக்கடனாகக் கோயில் எழுந்தது. நாலு பக்கமும் வாசல், கதவு கிடையாது. கூரையும் திறந்தது.

அவர் இடம் தேர்ந்தெடுத்ததுதான் விசேஷம். பக்கத்திலேயே நெவாடா அணு ஆயுதச் சோதனைத் தளம். 1951-லிருந்து 1992 வரை 928 அணுகுண்டுச் சோதனைகள் நடந்த பூமி. உலகத்தை அழிக்கப் புறப்பட்டு, தடுத்து நிறுத்தப்பட்ட தேவிக்கு இதைவிடப் பொருத்தமான தலம் இருக்க முடியுமா? அந்த மண் ஷோஷோன் பழங்குடிகளுக்குச் சொந்தமானது என்று சொல்லி, அதை அவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தார். வியாபாரப் பரிமாற்றத்துக்குப் பதில் கொடையை வைத்தே பொருளாதாரம் பேசுகிறவர் அவர். 1997-ல் அதற்கென்று ஒரு புத்தகமும் எழுதினார். கொடையை வைத்துப் பொருளாதாரம் நடக்குமா என்று என் காமர்ஸ் மூளை முனகுகிறது. நடக்காவிட்டாலும் அந்தக் கோயில் 'நான் புதுசு' என்பதை மறைக்கவில்லை. பழைய கதையை எடுத்து, இன்றைய பயத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. புதுப்பித்தல் என்று நான் ஒத்துக்கொள்வது இதைத்தான்.

பால் கிண்ணக்காரர்களுக்கு வருவோம். மார்க் போடச் சொன்னால் நான் தாராளமாகவே போடுவேன். மூவாயிரம் வருஷத்தில் பாஸ்டெட்டுக்கு இவ்வளவு நல்ல பக்தர்கள் வாய்த்ததில்லை. பழைய பக்தன் அம்மனுக்காகப் பூனையைக் கொன்றான். புதிய பக்தை அம்மனுக்காகப் பூனையைக் காப்பாற்றுகிறாள். இது பாரம்பரியத்தைத் தொடர்வது இல்லை, திருத்துவது. தொடர்வதைவிடத் திருத்துவது கஷ்டம். அந்தப் பெருமையை எதற்கு பாரோக்களுக்குத் தானம் செய்ய வேண்டும்? சொந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமே!

ஆகவே, அடுத்த விழாவில் பாலுக்குப் பக்கத்தில் துணி சுற்றிய ஒரு சின்னக் குச்சியையும் வைக்கலாம். கழுத்து திருகப்பட்ட குட்டிகளுக்காக. வந்தவர்களுக்கு அந்தக் கதையை இரண்டு நிமிஷம் சொல்லலாம். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். மீதியுள்ளவர்கள் போடுகிற நன்கொடை எப்படியும் காப்பகத்துக்குத்தான் போகும். அதில் ஒரு பகுதி தெருப்பூனைகளின் கருத்தடை ஆபரேஷனுக்குச் செலவாகும். பிள்ளைவரம் தரும் அம்மன் பெயரில் கருத்தடை! எகிப்தியப் பூசாரி கேட்டால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். வளர்க்க ஆளில்லாமல் பிறந்து சாகிற குட்டிகளின் கணக்கில் பார்த்தால், பாஸ்டெட் பெயரில் இதுவரை நடந்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான்.